நாட்காட்டி பிறக்கும் ஊரில்



உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியை ஒருமுறை கூர்ந்து நோக்குங்கள். அதன் அடிவிளிம்பில், கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய சிறு எழுத்தில், சிவகாசி என்னும் பெயர் இருக்கக்கூடும். எங்கள் காயல்பட்டினத்து வீட்டுத் திண்ணையிலும் அத்தகைய நாட்காட்டி ஒன்று தொங்கிற்று. சிறுவயதில் நானும் காக்காவும் அதில் நாள் எண்ணியது, ஒரு சித்திரக்கதைப் புத்தகத்தின் வருகைக்காகத்தான்.

அது 1980களின் நடுப்பகுதி. 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைத் தமிழுக்கு அழைத்து வந்திருந்தது; 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் தோன்றின. அவற்றைத் தொடர்ந்து முளைத்து, இன்று சுவடின்றி மறைந்துபோன சிற்றிதழ்களும் உண்டு. அத்தகைய ஒன்றுக்கு, பெருநாள் காசைச் சேர்த்துவைத்து நாங்கள் சந்தா கட்டியிருந்தோம். அதில் ஒரு கடற்கொள்ளையர் கதை. கதாநாயகனைப் பாய்மரத்தில் கட்டிவைத்த கட்டத்தில் "தொடரும்" என்று போட்டுவிட்டார்கள். அடுத்த இதழ் தீபாவளிக்கு வரும் என்பது அறிவிப்பு.

தீபாவளி வந்தது, இதழ் வரவில்லை. அந்நாளில் எங்கள் தெருவில் தபால்காரரை எதிர்பாராத வீடு இல்லை. உம்மாமார்களும் லாத்தாமார்களும் வெளிநாட்டுக் கடிதத்துக்காக வாசலில் நிற்பார்கள். அவர்களுக்கு நடுவே நாங்கள் இருவரும் நிற்போம். "கதைப் புத்தகத்துக்கா இந்தத் தவிப்பு?" என்று வாப்பா சிரிப்பார்கள். நவம்பர் கழிந்தது, டிசம்பரும் பாதி கழிந்தது. காக்காவுக்கு விசா வந்துவிட்டது. பம்பாய் சென்று, அங்கிருந்து தம்மாம் புறப்பட்டார்கள். அப்போது அவர்களுக்குப் பத்தொன்பது வயது.

அவர்கள் போன பன்னிரண்டாம் நாள் அந்த இதழ் வந்தது.

நான் அதைப் பிரிக்கவில்லை என்று சொன்னால் பொய்யாகும். அன்றே மூன்று முறை படித்தேன். ஆனால் முன்போல் இனிக்கவில்லை. காக்காவின் முதற் கடிதத்தில், உம்மாவின் உடல்நலம் விசாரித்த அடுத்த வரியிலேயே, "புத்தகம் வந்ததா?" என்று இருந்தது. மாதங்கள் சென்று, அடுத்த தெருக்காரர் ஒருவர் கையில் அதைக் கொடுத்தனுப்பினோம். தங்கியிருந்த அறையில் ஆறு பேரும் அதை முறைவைத்துப் படித்தார்கள் என்றும், முதற்பாகத்தின் கதையை அவர்களுக்குத் தாமே சொல்லிக் காட்டியதாகவும் காக்கா எழுதினார்கள்.

ஆண்டுகள் ஓடின. காக்கா ஊர் திரும்பி, நாங்கள் இருவரும் சேர்ந்து கடை நடத்துகிறோம். இப்போது காத்திருப்பது காக்காவின் மகள். அவள் படிப்பவை தடித்த ஆங்கில மாயக்கதை நாவல்கள். ஜார்ஜ் மார்ட்டினின் தொடரில் நான்காம் பாகம் 2005இல் வந்தது. ஐந்தாம் பாகமோ 2011இல்தான் வந்தது. இப்படியும் தாமதிப்பதா என்று அவள் குமுறுவாள். இந்த வழக்கம் பழையது என்று நான் ஆறுதல் சொல்வேன். டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலின் முதலிரு பாகங்கள் 1954இல் வெளிவந்தன. இரண்டாம் பாகம், நாயகன் பகைவரிடம் சிக்கிய இடத்தில் முடிந்தது. பின்னிணைப்புகளை எழுதி முடிக்க ஆசிரியருக்கு நாள் பிடித்தபடியால், மூன்றாம் பாகம் 1955 அக்டோபரில்தான் வெளிவந்தது. "பதினோரு மாதம்தானா, சாச்சா?" என்று அவள் கேட்பாள்.

சென்ற நவம்பரில் எங்கள் கடையின் புத்தாண்டு நாட்காட்டி வேலையாகச் சிவகாசி செல்ல நேர்ந்தது. தூத்துக்குடியிலிருந்து எட்டயபுரம், கோவில்பட்டி, சாத்தூர் வழியாகப் பயணம். மழை பெய்து கரிசல் மண் கருத்திருந்தது. ஆனால் ஆண்டின் பெரும்பகுதி இது வறண்ட பூமி. அந்த வறட்சியையே மூலதனமாக்கிக்கொண்ட ஊர் சிவகாசி. 1923இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தனர். ஈரமற்ற காற்று தீக்குச்சிக்கும் பட்டாசுக்கும் உகந்ததாயிற்று. தீப்பெட்டிக்கு மேலொட்டும் வண்ணச் சீட்டு வேண்டுமே! அதற்காக வந்த அச்சுத்தொழில் நாட்டுக்கே நாட்காட்டி அடித்துத் தருமளவுக்கு வளர்ந்தது.

தெருவில் நடக்கையில் காகிதக்கட்டு ஏற்றிய வண்டிகளுக்கு வழிவிட்டுக்கொண்டே போக வேண்டும். எந்தச் சந்தில் நுழைந்தாலும் இயந்திரம் ஓடும் ஓசையும் மையின் வாடையும் கூடவே வருகின்றன. ஓரிடத்தில் நாட்காட்டியின் மேல்விளிம்பில் தகரப்பட்டை பொருத்திக்கொண்டிருந்தார்கள். வேறோரிடத்தில் இன்னும் பிறவாத ஆண்டின் நாட்கள் எல்லாம் கட்டுக்கட்டாய் அடுக்கப்பட்டிருந்தன.

அச்சக உரிமையாளர் வயதில் மூத்தவர். பேச்சுவாக்கில், ஆடிப்பெருக்கு அன்று மாதிரி நாட்காட்டிகளை வெளியிட்டு ஆர்டர் பிடிக்கத் தொடங்குவது இவ்வூர் வழக்கம் என்றார். தீபாவளி நெருங்கியதும் வேலை குவிந்துவிடும். ஜனவரி பிறந்தபின் நாட்காட்டியை யார் கேட்பார்கள்? ஆகவே அம்மாதங்களில் மற்ற வேலைகள் எல்லாம் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான்.

"கதைப் புத்தகங்களுமா, அண்ணாச்சி?" என்றேன்.

"அவைதான் முதலில் ஒதுங்கும், பாய்!" என்று சிரித்தார்.

வாசகர்களே, எனக்கு விடை கிடைத்துவிட்டது. எந்த நாட்காட்டியில் நாங்கள் நாள் எண்ணினோமோ, அதன் உடன்பிறப்புகளே எங்கள் புத்தகத்தை வழிமறித்திருக்க வேண்டும்!

அவர் தொடர்ந்தார்: "இப்போதுகூட ஒரு சித்திரக்கதைப் புத்தகம் இயந்திரத்தில் ஏற நிற்கிறது. கவலைப்படாதீர்கள். அதைத் தள்ளிவைத்துவிட்டு உங்கள் வேலையை முடித்துத் தருகிறேன்."

மேசைமீது அதன் மாதிரித் தாள்கள் கிடந்தன. ஒரு சிறுவன் சுவரேறிக் குதிக்கும் படம். எந்த ஊரிலோ, எந்த வாசலிலோ, யாரோ ஒரு பிள்ளை இதற்காக நாள் கிழித்துக்கொண்டிருப்பான். அவன் வீட்டிலும் யாரேனும் பயணத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கலாம்.

"அண்ணாச்சி, அதை முதலில் அடித்துவிடுங்கள்" என்றேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார். "பத்து நாள் பிந்தும், பாய். புத்தாண்டு தாண்டிவிடும்" என்று எச்சரித்தார். இருக்கட்டும் என்றேன்.

வெளியே வந்த பின்னரே அச்சம் பிடித்தது. இது என் ஒருவனுடைய கடையன்று. வாடிக்கையாளர் முகம் சுளிப்பார்கள். காக்காவோ கணக்கில் கறாரானவர்கள். லுஹர் தொழுதுவிட்டு, பேருந்து நிலையத்திலிருந்து தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் நெடுநேரம் பேச்சே இல்லை. பிறகு ஒரு கேள்வி வந்தது:

"அந்தக் கதை இந்தப் புத்தகத்திலேயே முடிகிறதா? இல்லை, தொடரும் போட்டிருக்கிறதா?"

எங்கள் நாட்காட்டி ஜனவரி 6ஆம் நாள் வந்து சேர்ந்தது. அதற்குள் வேறு கடை நாட்காட்டியை மாட்டிவிட்ட வீடுகள் பல. நட்டம் நட்டந்தான், மறைக்கவில்லை.

உங்கள் இல்லத்திலும் வராத ஒரு புத்தகத்துக்காக வாசலைப் பார்த்து நிற்கும் பிள்ளை இருக்கலாம். அதைக் கண்டு நகைத்துவிடாதீர்கள். நீங்களும் சற்று அருகில் நின்று, "எங்கே விட்டார்கள் கதையை?" என்று கேளுங்கள். புத்தகம் என்றேனும் வந்துவிடும். கூட நின்று காத்திருந்தவர்தாம் அன்று அருகில் இல்லாது போகக்கூடும்.