கேட்கத் தயங்கிய வினாக்கள்

எம் ராத்தாவின் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தபோது, "மாற்றுச் சிறுநீரகம் பொருத்துவதே நலம்" என்று மருத்துவர் ஒரே வாக்கியத்தில் கூறி முடித்தார். நாமும் தலையசைத்துத் திரும்பினோம். வீடு வந்த பிறகே வினாக்கள் எழுந்தன.

அடுத்து நாம் கண்ட மருத்துவர் அரைமணி நேரம் அமர்ந்து, தாளில் படம் வரைந்து விளக்கினார். பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் அகற்றுவதில்லை. புதியதை அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் பொருத்துகின்றனர். உடல் அதனை அந்நியமென ஒதுக்காதிருக்க, அது இயங்கும் நாளெல்லாம் மருந்துண்ண வேண்டும். அம்மருந்தோ நோயெதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும். வாழ்நாள் முழுதும் அது உழைக்கும் என்ற உறுதியும் இல்லை.

சிறுநீரகம் ஈய முன்வந்த எம் தம்பியை அவர் தனியே அழைத்தார். "மனமில்லையெனில் தயங்காமல் சொல்லுங்கள் தம்பி, அறுவை உங்களுக்கு ஏற்றதன்று என்று மட்டும் வீட்டாரிடம் கூறிவிடுவோம்" என்றார். உறவினர் முகத்துக்கு அஞ்சி இசைவோர் எத்தனை பேரோ! அனைத்தும் அறிந்த பின்னரே தம்பி இசைந்தார்.

மார்க்கம் ஏற்குமா என்பது உம்மாவின் ஐயம். கொடுப்பவர் தம் விருப்பத்தோடு, தமக்குக் கேடு நேராவண்ணம் ஈவது ஆகுமானதென 1988இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்திருந்ததை ஆலிம் ஒருவர் எடுத்துரைத்தார்.

அன்பர்களே! வினாக்களைத் தாளில் எழுதிச் செல்வோம். மருத்துவர் கூறியதை நம் சொற்களில் அவரிடமே திருப்பிச் சொல்வோம், பிழையிருப்பின் திருத்துவார். மருத்துவப் பெருமக்களும் "புரிந்ததா?" என்பதை விடுத்து, "என்ன புரிந்தது?" என்று கேட்கட்டும்.