காக்கா கேள்வி



நேற்று சாயங்காலம் வாசலில் நின்றுகொண்டு பேத்தி கேட்டாள்: "ஆச்சி, கரண்டு கம்பியில இருக்க காக்காய்க்கு ஏன் ஷாக் அடிக்கல?" பதில் தெரியும். ஆனால் சட்டென்று வாய் வரவில்லை.

ஐந்தாம் வகுப்பில் டார்ச் செல், பல்பு, இரண்டு துண்டு ஒயர் வைத்து மின்சுற்று நடத்துவேன், நினைவிருக்கும். செல்லின் ஒரு முனையில் கிளம்பி, பல்பு வழியே மறுமுனைக்குத் திரும்பினால்தான் மின்சாரம் ஓடும். ஒரு ஒயரை எடுத்தால் பல்பு அணைந்துவிடும். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு வருடம், "காக்கா ஒரே கம்பியைத்தான் தொடுது, அதான் ஒண்ணும் ஆகல" என்றும் பெருமையாகச் சொல்லிவைத்தேன்.

மறுநாள் ஒரு பையன் வரவில்லை. ஈரச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்று, மூடி உடைந்த சுவிட்சு போர்டில் 'ஒரே ஒரு கம்பியை' தொட்டிருக்கிறான். தூக்கி எறிந்துவிட்டது, அதனால் பிழைத்தான். அவன் அம்மா என்னைத் திட்டவில்லை. "டீச்சர் சொன்னாங்கன்னு சொல்லுதான்" என்றாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

நான் சொல்லாமல் விட்டது இது. தெரு ட்ரான்ஸ்பார்மரில் நியூட்ரல் கம்பியைப் பூமியோடு இணைத்திருப்பார்கள். அதனால் நாம் நிற்கிற தரையே இரண்டாவது ஒயர். காக்காயின் இரண்டு காலும் ஒரே கம்பியில். அது தரையைத் தொடவில்லை, இவன் தொட்டான். டார்ச் செல் 1.5 வோல்ட்தான், உலர்ந்த தோலைத் தாண்டி உறைக்காது. வீட்டில் வருவது 230 வோல்ட்.

2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல் நாள். கம்பம் சாய்ந்து சகதியில் கம்பி கிடப்பதைப் பார்த்தபோதெல்லாம் அந்தப் பையன்தான் மனதில் வந்தான். அதுவும் பார்வைக்கு ஒரே கம்பிதானே! தெருப் பிள்ளைகளை விரட்டிவிட்டுக்கொண்டே இருந்தேன்.

அவன் இப்போது எலெக்ட்ரீஷியன். போன வருடம் வந்து எங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. மாட்டிவிட்டுப் போனான். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்குமாம். 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில் ஒழுகினாலே துண்டித்துவிடும். கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டான்.

பேத்திக்கு இவ்வளவையும் சொல்லி முடித்தேன். அவள் யோசித்துவிட்டு, "அப்ப செருப்பு போட்டுட்டு தொடலாமா ஆச்சி?" என்றாள்.

"கூடாது மக்களே. செருப்பு நனைஞ்சிருந்தா? மத்த கை சுவத்துல பட்டா?" என்று ஆரம்பித்தேன். விளக்கு வைக்கிற நேரம் தாண்டியும் பாடம் முடியவில்லை.