வண்டியோடு வரும் வானொலி

ஆகஸ்ட் 4

ஐப்பசி பிறப்பதற்குள் எங்கள் பொலிரோவை ஒரு ஹாம் (அமெச்சூர் வானொலி) நிலையமாக்கிவிட வேண்டும். திருவாரூரில் குடியிருப்பவனுக்கு இதற்கான காரணத்தை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. மின்கம்பங்களும் செல்போன் கோபுரங்களும் சாய்ந்தன. பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த பெண் எப்படி இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள, விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டி நடந்தே போனார்கள். அந்த நாட்களில் ஒரு வரிச் செய்தி எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது பார்த்தவர்களுக்கு மறக்காது.

வண்டியில் வானொலி என்றதும் எல்லோரும் எந்த ரிக் (பேசவும் கேட்கவுமான வானொலிக் கருவி) வாங்குவது என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் வேறு மூன்று கேள்விகளை முதல் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன். யாரோடு பேச வேண்டும்? அவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார்? எந்த நேரத்தில் பேச வேண்டும்? இவற்றுக்கு விடை தெரிந்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அதுவே முடிவு செய்துவிடும்.

ஆகஸ்ட் 7

இன்று கணக்கு போட்டேன். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இரண்டு மீட்டர் பட்டையில் அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அந்த ஆன்டெனாவின் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். பேசும் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியே கண்டு கூட்டிக்கொள்ள வேண்டும். காரின் கூரை இரண்டு மீட்டர் உயரம் என்று வைத்தால், காருக்கும் காருக்கும் 12 கிலோமீட்டருக்குள்தான் வருகிறது. எதிரில் இருப்பவர் மாடியில் 12 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்திருந்தால் 20 கிலோமீட்டர். நடைமுறையில் கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஆனால் 50 வாட்டுக்குப் பதில் 100 வாட் கொடுத்துப் பூமியின் வளைவைத் தாண்டிவிட முடியாது.

எங்கள் டெல்டாவோ தட்டையான நிலம். சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் வைக்க ஒரு குன்றுகூடக் கிடையாது. கோபுரத்தில் வைத்தால், புயலில் முதலில் போவது கோபுரத்தின் மின்சாரம். நாகப்பட்டினத்தை எட்டுவதே இழுபறிதான். வேதாரண்யம் எட்டாது, சென்னையைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆகவே இரண்டு மீட்டர் பட்டை ஊருக்குள்ளும் வண்டிக்கு வண்டியும் பேசுவதற்கு. மாவட்டத்தைத் தாண்ட ஹெச்.எஃப். எனும் சிற்றலை கட்டாயம் வேண்டும்.

ஆகஸ்ட் 12

ஹெச்.எஃப். பட்டைகளில் ஒன்றான 7 மெகாஹெர்ட்ஸ் அலையைத் தலைக்கு நேர் மேலே செலுத்தினால், 250, 300 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டு, நீரூற்றைப் போலச் சுற்றிலும் விழும். பக்கத்து ஊரிலும் கேட்கும், முந்நூறு கிலோமீட்டர் தள்ளியும் கேட்கும், இடையில் செவிட்டுப் பகுதி இருக்காது. பகலில் 7, இரவு ஏற ஏற 3.5 மெகாஹெர்ட்ஸ். இந்தியாவில் நமக்கு 7.0 முதல் 7.2 வரையும், 3.5 முதல் 3.7 வரையும் அனுமதி இருக்கிறது. தமிழ்நாடு முழுவதையும் ஒரே வீச்சில் எட்ட இதைவிட எளிய வழி இல்லை.

சிக்கல் ஆன்டெனாவில்தான். 7.1 மெகாஹெர்ட்ஸில் கால் அலை நீளம் பத்தரை மீட்டருக்கு மேல். அதை வண்டியில் நட்டுக்கொண்டு சாலையில் போக முடியாது. ஆகவே இரண்டரை மீட்டர் கம்பியின் நடுவே சுருள் வைத்து நீளத்தை ஈடுகட்டுகிறார்கள். அந்தச் சுருளிலும் தரையிலும் திறனின் பெரும்பகுதி வெப்பமாகவே கரைந்துவிடும். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. செங்குத்தாக நிற்கும் கம்பி அடிவானத்தை நோக்கித்தான் அலையை வீசும். நேர் மேலே ஏறக்குறைய ஒன்றுமே போகாது. நமக்குத் தேவை அந்த நேர் மேலேதான்.

இன்று மாலை ஒரு முடிவுக்கு வந்தேன். ஓடும்போது ஹெச்.எஃப். பேசப்போவதில்லை. வண்டி நிலையத்தை இடத்துக்குக் கொண்டுசேர்க்கும். நிறுத்திய பிறகு கம்பி கட்டிப் பேச வேண்டும். இந்த ஒரு முடிவால் செலவும் பாதியாகிறது, சிக்னலும் பல மடங்கு கூடுகிறது.

ஆகஸ்ட் 18

நிறுத்திய இடத்தில் கட்டுவது தலைகீழ் 'வி' வடிவ டைபோல், அதாவது நடுவிலிருந்து இருபுறமும் சரியும் கம்பி ஆன்டெனா. 7.1-க்கு மொத்தம் 20 மீட்டர் கம்பி, பக்கத்துக்குப் பத்து. நடுப்பகுதி ஆறேழு மீட்டர் உயரத்தில் இருந்தால் போதும். தலைக்கு மேலே அலையை அனுப்ப அதிக உயரம் தேவையில்லை என்பது இந்த முறையின் பெரிய வசதி.

எங்கள் பக்கத்தில் கம்பி கட்டத் தென்னை இருக்கிறதே என்று தோன்றும். கஜாவில் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் தென்னந்தோப்புகளே சாய்ந்துகிடந்தன. புயலுக்குப் பிறகு வேலை செய்ய வேண்டிய நிலையம் மரத்தை நம்பக்கூடாது. உள்ளுக்குள் மடங்கும் ஏழு மீட்டர் ஃபைபர் கம்பம் ஒன்றைக் கூரை கேரியரில் கட்டிவைக்கப்போகிறேன். கம்பத்தை நிறுத்த, வெல்டிங் பட்டறையில் ஒரு இரும்புத் தகடும், அதன் ஓரத்தில் ஒரு குழாயும் வைத்துச் செய்யச் சொல்லியிருக்கிறேன். வண்டியின் பின் சக்கரத்தைத் தகட்டின் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு, குழாய்க்குள் கம்பத்தைச் செருக வேண்டியதுதான். சேறானாலும் தார்ச்சாலையானாலும் நிற்கும். கட்டுமுன் அண்ணாந்து பார்த்து, மின்கம்பி எட்டும் தூரத்தில் இல்லை என்று உறுதி செய்வது முதல் விதி. மின்சாரம் இல்லை என்று நினைக்கும் கம்பிக்கும் இது பொருந்தும்.

இரண்டு மீட்டர் பட்டைக்குக் கூரையின் நடுவில் அரை மீட்டர் நீளக் கால் அலைக் கம்பி, காந்த அடியில். இரும்புக் கூரை முழுவதும் அதற்குத் தரைத்தளமாகிறது. உள்ளே இருப்பவர்களை ரேடியோ அலையிலிருந்து ஓரளவு மறைப்பதும் அதே கூரைதான்.

ஆகஸ்ட் 25

ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் காட்டினேன். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகிவிடலாமா என்று அவருடைய பையன் கேட்டான். 100 வாட் ரிக் பேசும்போது 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த சாக்கெட்டின் ஃப்யூஸ் 10 அல்லது 15. பேட்டரியிலிருந்து நேராகத் தனி ஒயர் இழுத்தே ஆக வேண்டும்.

ஒயரின் கனமும் கணக்குதான். போக வர எட்டு மீட்டர். நான்கு சதுர மில்லிமீட்டர் செம்பு போட்டால் 22 ஆம்பியரில் 0.8 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். பத்து சதுர மில்லிமீட்டரில் இழப்பு 0.3 வோல்ட்தான். இன்ஜின் அணைந்திருக்கும்போது பேட்டரியில் 12.5 வோல்ட் இருந்தால், அந்த அரை வோல்ட்தான் குரல் தெளிவாகப் போவதா, உடைந்து போவதா என்பதைத் தீர்மானிக்கும். பத்து என்று எழுதிக்கொண்டேன்.

"ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்துலயே இருக்கணும் சார். உள்ள வெச்சா, நடுவுல ஒயர் ஒரசுனா யாரு காப்பாத்துறது?" என்றார் எலக்ட்ரீஷியன். மிகச் சரியான பேச்சு. இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் இடையிலான தகட்டில் ரப்பர் புஷ் வழியாக ஒயரை நுழைத்து, மேலே நெளிகுழாய் போடப்போகிறார். பேட்டரி சென்சார் இருக்கும் புது வண்டிகளில் நெகட்டிவ் ஒயரை பேட்டரி முனையில் கட்டக்கூடாது. பேட்டரியின் எர்த் பாடியில் சேரும் இடத்தில் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் சென்சாரின் கணக்கு தவறும்.

நிறுத்தி வைத்து நெடுநேரம் பேசுவதற்கு வண்டி பேட்டரியைத் தொடுவதாக இல்லை. வண்டி கிளம்பாமல் போனால் நிலையமும் அங்கேயே முடங்கிவிடும். 20 ஆம்பியர் மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று தனியாக. கேட்கும்போது சுமார் 1 ஆம்பியர், பேசும்போது சராசரியாக 10, பத்தில் ஒரு பங்கு நேரம் பேச்சு என்றால் பத்து மணி நேரம் வரும். திறனைக் குறைத்தால் இன்னும் நீளும். ஓடும்போது சார்ஜ் ஏற்ற அதற்கென்றே உள்ள டி.சி. சார்ஜர் வேண்டும்.

செப்டம்பர் 2

இரைச்சலைத் தேடும் நாள். ஒரு சின்ன டிரான்சிஸ்டரை மீடியம் வேவில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, வண்டிக்குள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். சாவியைத் திருப்பியதும் லேசான சீறல். இன்ஜின் ஓடும்போது, ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறும் ஓர் ஊளை, அது ஆல்டர்னேட்டர். டீசல் என்பதால் ஸ்பார்க் பிளக்கின் படபடப்பு இல்லை. ஆனால் எல்லாவற்றையும்விட அதிகம் இரைந்தது ஃபோன் சார்ஜர்தான். அதைப் பிடுங்கியதும் பாதி அமைதி வந்துவிட்டது.

மீதிக்கு வழி இருக்கிறது. பானெட்டையும் கதவுகளையும் சைலன்ஸர் குழாயையும் பட்டையான செம்புப் பின்னலால் பாடியோடு இணைப்பது, ரிக்குக்குப் போகும் ஒயரில் ஃபெரைட் வளையம் மாட்டுவது. தூரத்தில் மெல்லிய சிக்னலில் உதவி கேட்பவரின் குரல் நம் வண்டியின் இரைச்சலில் தொலைந்துபோக விடக்கூடாது. அந்த வகையில் இது ஆன்டெனாவுக்குச் சமமான வேலை.

செப்டம்பர் 9

எதை எங்கே வைப்பது என்று இன்று அளந்தோம். ரிக்கின் பெட்டி இருக்கைக்கு அடியில், முகப்பு மட்டும் டேஷ்போர்டில். ஏர்பேக் விரியும் பாதையில் பெட்டியோ ஒயரோ வரக்கூடாது. டிக்கியில் இருக்கும் எல்லாமே பெல்ட்டால் கட்டப்பட்டிருக்க வேண்டும். திடீரென்று பிரேக் போட்டால் பேட்டரி பறந்து முன்னால் வரும். ஓட்டுபவர் ஓட்ட மட்டும்தான். மைக் பக்கத்து இருக்கைக்காரரிடம் இருக்கும்.

உரிமத்தையும் எடுத்துப் படித்தேன். என்னுடையது ஜெனரல் நிலை, 400 வாட் வரை அனுமதி. ரெஸ்ட்ரிக்டெட் நிலைக்கு 50 வாட். இந்த டைபோலில் அதுவே தாராளம். உரிமத்தின் நகல் ஒன்று வண்டியிலேயே இருக்கும்.

செப்டம்பர் 16

வேதாரண்யத்து ஹாம் நண்பர் வந்திருந்தார். பேச்சு சுனாமி நாட்களுக்குத் திரும்பியது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு உலக நாடுகளோடு தொடர்புகொள்ளத்தான் போர்ட் பிளேர் போயிருந்தது. 26-ஆம் தேதி சுனாமி அடித்ததும் அதே கருவிகளால் அந்தமானின் செய்திகளை வெளியுலகுக்குச் சேர்த்தார்கள். அதைப் பற்றியே வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவர்களுக்குக் கைகொடுத்தது கருவி மட்டுமா? அன்றாடம் மணிக்கணக்கில் மைக்கின் முன் உட்கார்ந்து பழகிய பழக்கமும்தான் என்றார் நண்பர். எனக்கும் அதே எண்ணம்.

ஆகவே திட்டத்தின் கடைசிப் பகுதியை இருவருமாக எழுதினோம். அவர் வீட்டில் இதே டைபோல். ஞாயிறுதோறும் காலையில் 7 மெகாஹெர்ட்ஸில், மாலையில் 3.5-இல் சந்திப்பது. நம் நாடு அடங்கிய ஹாம் மண்டலத்தின் அவசரகால மைய அலைவரிசையான 7.110-ஐ முதலில் கேட்டு, அங்கே வேலை நடந்தால் ஒதுங்கிக்கொள்வது. மாதம் ஒருமுறை வண்டியைத் தெரியாத இடத்தில் நிறுத்தி, கம்பம் நட்டு, அரை மணிக்குள் அவரை எட்டுவது. செய்தியை நேரம், அனுப்புபவர், பெறுபவர் என்று தாளில் எழுதி, நிறுத்தி நிதானமாகப் படித்து, எதிரில் இருப்பவர் திருப்பிப் படிக்கக் கேட்டு முடிப்பது.

ஒரு வண்டியால் ஒரு மாவட்டத்துக்கு ஆகாது. தாலுகாவுக்கு ஒன்று வேண்டும், அதற்கு ஆட்கள் வேண்டும். அடுத்த ஞாயிறு கல்லூரி மாணவர்கள் சிலரை வரச்சொல்லியிருக்கிறோம். கம்பம் நடுவதையும் செய்தி எழுதுவதையும் கையில் கொடுத்துப் பழக்கி, ரெஸ்ட்ரிக்டெட் நிலைத் தேர்வுக்கு விண்ணப்பிக்க வைப்பது எங்கள் அடுத்த வேலை.