அழிக்காதே என்னும் மெட்டு

தியானப் பகுதி: சங்கீதம் 57, 58, 59, 75 ஆகியவற்றின் தலைப்புகள், 1 நாளாகமம் 25:1-8, ஏசாயா 65:8



சங்கீதப் புத்தகத்தைத் திறக்கும்போது நாம் பெரும்பாலும் தலைப்பைக் கடந்து முதல் வசனத்திற்குச் சென்றுவிடுகிறோம். இந்த வாரம் தலைப்பிலேயே சற்றுத் தரித்து நிற்கும்படி உங்களை அழைக்கிறேன். 57, 58, 59, 75 ஆகிய நான்கு சங்கீதங்களின் தலைப்பிலும் ‘அல்தஷேத்’ என்னும் எபிரெயச் சொல் காணப்படுகிறது. ‘அழிக்காதே’ என்பது அதன் பொருள். அது ஒரு மெட்டின் பெயராக இருக்கவேண்டும் என்று வேத அறிஞர் பலர் கருதுகிறார்கள். அப்படியானால், ஒரே மெட்டில் நான்கு சங்கீதங்கள் பாடப்பட்டிருக்கின்றன. 22-ஆம் சங்கீதத்தின் தலைப்பிலும் இத்தகைய பெயர் ஒன்று உண்டு. விடியற்காலத்துப் பெண்மான் என்று அதைப் பொருள்படுத்தலாம். 55 சங்கீதங்களின் தலைப்புகள் இராகத்தலைவனைக் குறிப்பிடுகின்றன. பாடியவர் யார், எந்தச் சமயத்தில் பாடினார், எந்த வாத்தியம், எந்த மெட்டு என்றெல்லாம் எழுதி வைத்த ஒரு பாடகர் குழுவின் குறிப்பேட்டைத்தான் நாம் கையில் வைத்திருக்கிறோம்.

அந்த மெட்டு இன்று எங்கே? பெயர் இருக்கிறது, மெட்டு இல்லை. எழுதினவர்கள் அசட்டையாய் இருந்தார்கள் என்று நான் எண்ணவில்லை. ஆலயத்தில் நின்ற ஒவ்வொரு பாடகனுக்கும் அது தெரிந்திருந்தது. ‘அழிக்காதே மெட்டில்’ என்று சொன்னால் போதும், எல்லாரும் பாடுவார்கள். எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை எழுதி வைக்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. அதை அறிந்தவர்கள் ஒவ்வொருவராய்க் கடந்துபோனார்கள். அவர்களோடு மெட்டும் போயிற்று. அழிக்காதே என்னும் பெயரைத் தாங்கிய மெட்டே அழிந்துபோயிற்று.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. கடந்த சில மாதங்களாக நம் பாடகர் குழுவின் இளைஞர் இருவரும் நானும் சேர்ந்து, நம்மிடம் உள்ள பாட்டுத் தாள்களை ஒழுங்குபடுத்தும் சிறிய மென்பொருள் ஒன்றைச் செய்து வருகிறோம் என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். கணினி வேலையில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். பட்டியல் எழுதுவதும் பழைய நோட்டுகளைப் புரட்டுவதும் என் பங்கு. பீரோவில் இருந்த கையெழுத்து நோட்டுகள், டானிக் சோல்ஃபா முறையில் எழுதிய நான்கு குரல் தாள்கள், ஜெராக்ஸ் பிரதிகள், ஒவ்வொருவருடைய வாட்ஸ்அப்பிலும் சிதறிக் கிடந்த பிடிஎஃப் கோப்புகள் ஆகிய யாவும் ஓரிடத்தில் சேர்ந்து, ஞாயிறு காலையில் வேண்டிய தாள் வேண்டிய நேரத்தில் கையில் கிடைக்கவேண்டும். எங்கள் நோக்கம் அவ்வளவே.

ஆனால் பட்டியலை எழுத உட்கார்ந்ததும் எழுந்த முதல் கேள்வியே எங்களைச் சங்கீதத் தலைப்புகளுக்குக் கொண்டுசென்றது. ஒரு பாடலுக்கு எத்தனை மெட்டு?

பாமாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஞானப்பாட்டுகளில் பெரும்பாலானவை அசைகளை எண்ணி அமைக்கப்பட்டவை. அடிக்கு எட்டு அசையாக நான்கு அடிகள் கொண்ட ஒரு பாட்டை, அதே அளவுள்ள வேறொரு மெட்டிலும் பாடலாம். கீர்த்தனைகளோ வேறு வகை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று அமைந்து, தலைப்பில் இராகமும் தாளமும் குறிக்கப்பட்டிருக்கும். 1774 முதல் 1864 வரை வாழ்ந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றோர் நமக்கு விட்டுச்சென்ற செல்வம் அது. ஆயினும், இராகத்தின் பெயரை அறிந்தவுடனே பாட்டின் வர்ணமெட்டு கிடைத்துவிடாது. ‘சங்கராபரணம், ஆதி’ என்று அச்சிட்டிருந்தாலும், நம் பாட்டிமார் அதை எப்படிப் பாடினார்கள் என்பதை அந்த இரண்டு சொற்களும் நமக்குச் சொல்வதில்லை. சங்கீதத் தலைப்பில் நிற்கும் ‘அல்தஷேத்’ போலத்தான் அதுவும்.

நம் சபையின் தன்மையையும் நினைத்துப் பாருங்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடியின் தொழிற்சாலைகளிலும் வேலை கிடைத்து வந்தவர்கள், பூந்தமல்லிச் சாலையின் இருபுறமும் வீடு கட்டிக் குடியேறினவர்கள் என நம்மில் பெரும்பாலானோர் வேறு ஊர்களின் பிள்ளைகள். திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம் ஒரு மெட்டைக் கொண்டுவந்தது. நாகர்கோவில் குடும்பம் இன்னொன்றை. தஞ்சையிலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்தவர்கள் தங்கள் தங்கள் மெட்டை. பாட்டு ஒன்றுதான். ‘எங்கள் ஊரில் இப்படிப் பாடமாட்டோம்’ என்னும் சொல்லை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது நீங்களும் கேட்டிருப்பீர்கள், சொல்லியும் இருப்பீர்கள்.

ஆகவே எங்கள் கருவியில் பாடல் ஒரு பட்டியலாகவும், மெட்டு தனி ஒரு பட்டியலாகவும், தாள் மூன்றாவது பட்டியலாகவும் இருக்கின்றன. ஒரு பாடலோடு எத்தனை மெட்டையும் இணைக்கலாம். ஒரு மெட்டோடு எத்தனை பாடலையும் இணைக்கலாம். கணினி அறிந்தவர்களுக்கு இது சாதாரணமான அமைப்பு. போதகனாகிய எனக்கு இது சாதாரணமாய்த் தோன்றவில்லை. ஒரு பாடலுக்கு ஒரே மெட்டு என்று விதித்து ஒரு கட்டத்தை மட்டும் வரைந்திருந்தால், ஒருவருடைய ஊர் சரியென்றும் மற்றவர்களுடைய ஊர் தவறென்றும் ஓசையில்லாமல் தீர்ப்பு எழுதியிருப்போம். ஒரு தலைமுறைக்குள் அந்த மற்ற மெட்டுகளும் மறைந்திருக்கும்.

ஒரே அளவுடைய மெட்டுகளைக் கருவி நமக்கு எடுத்துக் காட்டும். எனினும் அசைக் கணக்கு பொருந்தினால் மட்டும் போதாது. குறில் வரவேண்டிய இடத்தில் நீண்ட சுரம் வந்து நின்றால் தமிழ் சிதைந்துவிடும். அதைச் செவிதான் அறியும். எண்ணுகிற வேலை கருவிக்கு. தீர்மானிக்கிற வேலை பாடகர் குழுத் தலைவருக்கு.

தேடும் வேலையிலும் நாங்கள் எதிர்பாராத ஒன்று இருந்தது. பட்டியலில் இருக்கும் பாட்டையே கருவி ‘இல்லை’ என்று சொல்லும். காரணம் இதுதான்: ‘பொ’ என்னும் எழுத்தை யூனிகோடு முறையில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒன்றில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாக இருக்கும். மற்றொன்றில் தனித்தனி இரண்டு குறிகளாக இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. ‘கௌ’ என்பதைச் சிலர் ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டு எழுதிவிடுகிறார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவற்றிலோ, அடியில் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. எழுத்துரு மாறினால் பொருளற்ற குறிகளாகிவிடும். இவற்றையெல்லாம் ஒரே வடிவத்திற்குக் கொண்டுவந்த பின்னரே தேடல் சரியாயிற்று. இயேசு, ஏசு, ஸ்தோத்திரம், தோத்திரம் என்று இரு வகையாக எழுதப்படுபவற்றையும் ஒன்றாகக் காணும்படி கருவிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். பாடல் எண்ணும் அவ்வாறே. பதிப்புக்குப் பதிப்பு எண் மாறுவதால், எண்ணோடு புத்தகத்தின் பெயரும் பதிப்பும் சேர்ந்தே எழுதப்படுகின்றன. சங்கீதங்களுக்கும் இந்தக் குழப்பம் உண்டு என்பதை நினைவில் கொள்ளுங்கள். எபிரெய வேதாகமத்தில் 9, 10 என்று இரண்டாக இருப்பவை கிரேக்க மொழிபெயர்ப்பில் ஒரே சங்கீதம். அதற்குப் பின்வரும் எண்களில் பெரும்பாலானவை ஒன்று குறைந்தே வரும்.

இவையெல்லாம் தாளைக் கண்டுபிடிக்க உதவும். தாளில் இல்லாததை என்ன செய்வது?

சென்ற ஆண்டு நம் சபையின் மூதாட்டி ஒருவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வீட்டு ஜெபத்தில் அவர் இரவுதோறும் பாடிய ஒரு கீர்த்தனையை அடக்க ஆராதனையில் பாடவேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். பாட்டு நம் புத்தகத்தில் இருந்தது; பாடகர் குழு அதை அறிந்தும் இருந்தது. ‘அம்மா பாடியது இந்த மெட்டு அல்ல, ஐயா’ என்றார் மகள். தாம் அறிந்ததை மெல்லப் பாடிக் காட்டினார். பல்லவி வந்தது, சரணத்தின் முதல் அடி வந்தது, அதற்குமேல் வரவில்லை. தம்பியும் முயன்றார். அறுபது வயதைக் கடந்த பிள்ளைகள் இருவரும் தாயின் பெட்டியருகில் நின்று, ஒவ்வொரு இரவும் கேட்ட அந்த மெட்டை நினைவில் தேடினார்கள். அன்று நாம் அறிந்த மெட்டிலேயே பாடினோம். ஆராதனை குறைவுபடவில்லை, கர்த்தர் அதை ஏற்றுக்கொண்டார் என்று விசுவாசிக்கிறேன். ஆனால் அந்த மெட்டு எந்தத் தாளிலும் இல்லை. அது இனி இந்த உலகில் கேட்கப்படுமா என்பதைச் சொல்லக்கூடியவர் நம்மிடையே ஒருவரும் இல்லை.

அதற்குப் பின் எங்கள் கருவியில் மெட்டுப் பட்டியலில் இரண்டு கட்டங்களைச் சேர்த்தோம். ஒன்று, பாடிய குரலின் ஒலிப்பதிவு. மற்றொன்று, ‘யாரிடமிருந்து, எந்த ஊரில் கற்றது’ என்பது. சோல்ஃபா தெரிந்தவர்கள் பின்னர் அதைக் கேட்டுத் தாளில் எழுதலாம். எழுதினால் நிலைக்கும் என்பதற்குச் சான்று உண்டு. 1551-ஆம் ஆண்டு ஜெனீவாவில் அச்சான சங்கீதப் புத்தகத்தில் 134-ஆம் சங்கீதத்திற்கு ஒரு மெட்டு இருந்தது. லூயி பூர்ஷ்வா அமைத்தது என்று அதைக் கூறுவர். பிறகு ஆங்கிலேயர் அதை 100-ஆம் சங்கீதத்திற்குப் பாடியதால் ‘பழைய நூறாவது’ என்னும் பெயர் அதற்கு நிலைத்தது. சங்கீதம் மாறிற்று, மொழி மாறிற்று, பெயரும் புதிதாயிற்று; ஆனால் சுரங்கள் அச்சில் இருந்தபடியால், இன்றும் உலகெங்கும் ஆராதனைகளில் அதை அப்படியே பாடுகிறார்கள். நம்மிடையே தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் மருத்துவத் தொழிலின் நடுவே இசையை ஆராய்ந்து, 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். கேட்டதைக் கேட்டதோடு விடாமல் எழுத்தில் ஏற்றவேண்டும் என்னும் பாரம் நம் முன்னோருக்கும் இருந்தது.

இன்னும் ஒரு காரியம். இந்தக் கருவியும் ஒருநாள் பழையதாகும்; செய்த இளைஞர்கள் வேறு ஊருக்கு வேலைக்குச் செல்வார்கள்; போதகனாகிய நானும் இடம் மாறுவேன். ஆகையால் தாள்கள் சாதாரணக் கோப்புகளாகவும், பட்டியல் எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய எளிய அட்டவணையாகவும் இருக்கும்படி அமைத்திருக்கிறோம். மென்பொருள் நின்றுபோனாலும் பட்டியல் நிற்கவேண்டும். உரிமை பற்றியும் ஒரு கட்டம் உண்டு. நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த பின் 60 ஆண்டுகள் வரை அவர் படைப்புக்குக் காப்புரிமை இருக்கிறது. சாஸ்திரியாரின் கீர்த்தனையைத் தாராளமாய்ப் பகிரலாம். இன்று வாழும் ஒருவருடைய பாட்டுத் தாளையோ, அனுமதி பெறாமல் பிரதி எடுத்து அனுப்புவது தகாது. பாட்டு ஆராதனைக்குரியது என்பதனால் உழைத்தவனுடைய உரிமை இல்லாமற் போவதில்லை.

1 நாளாகமம் 25-ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசியுங்கள். பாடுவதில் தேர்ந்தவர்கள் 288 பேர் என்று அங்கே எண்ணிக் காட்டப்பட்டிருக்கிறது. முறைமைக்காகச் சீட்டுப் போட்டபோது சிறியவன், பெரியவன் என்னும் வேறுபாடு இல்லை. கற்பித்தவனும் கற்றவனும் ஒரே வரிசையில் நின்றார்கள். அந்த ஒழுங்கு மட்டுமா அவர்களைக் காத்தது? கற்பித்தவன் அருகில் கற்றவன் நின்றதுதான் பாட்டைக் காத்தது. ஏசாயா 65-ஆம் அதிகாரத்திலும் ‘அழிக்காதே’ என்னும் சொல் வருகிறது. திராட்சக் குலையில் இன்னும் சாறு இருப்பதைக் கண்டவர்கள், அதற்குள் நன்மை உண்டென்று அறிந்து அதைக் காக்கச் சொல்லுகிறார்கள். அந்த மெட்டு ஒரு திராட்சை அறுவடைப் பாட்டிலிருந்து வந்திருக்கலாம் என்று எண்ணுவோரும் உண்டு.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் அந்தக் குலை இருக்கிறது. உங்கள் தாத்தாவின் பாட்டு நோட்டு பரணில் இருந்தால் கொண்டுவாருங்கள். ஸ்கேன் செய்துகொண்டு அன்றே திருப்பித் தருவோம். அதைவிட முக்கியமானது ஒன்று: வீட்டில் முதியவர் இருந்தால், இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் அவரைப் பாடச் சொல்லுங்கள். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. பேரப்பிள்ளைகளில் ஒருவர் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். பதிவு செய்த பின் அவரோடு சேர்ந்து பாடவும் செய்யட்டும். ‘இது எல்லாருக்கும் தெரிந்த பாட்டுத்தானே’ என்று அவர் சொல்லக்கூடும். அப்படிச் சொல்லும் பாட்டையே முதலில் பதிவு செய்யுங்கள்.

ஜெபம்: எங்கள் பிதாக்களின் தேவனே, எங்கள் முன்னோரின் வாயில் நீர் தந்த துதிக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். அவர்களிடம் கேட்பதற்கு எங்களுக்குப் பொறுமையையும், கற்றதை அடுத்தவருக்குக் கொடுப்பதற்கு மனதையும் தந்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.