வல்லயத்தின் நுனியில் எலுமிச்சம்பழம்

கல்லிடைக்குறிச்சி என்றதும் எவருக்கும் அப்பளம் நினைவுக்கு வரும்; அடுத்தபடியாகத் தாமிரபரணிப் படித்துறையும் அக்கிரகாரத் தெருக்களும் கன்னடியன் கால்வாயும் வரும். ஆயுதம் நினைவுக்கு வராது. ஆனால் ஊரை விட்டு வெளியே வந்து, வயல் வரப்பிலோ குளத்தங்கரையிலோ கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு சுடலைமாடன் பீடமாவது கண்ணில் படாமல் இருக்காது. பீடத்தின் பக்கத்தில் மண்ணில் ஊன்றிய வல்லயம் என்ற ஈட்டியும் சாத்திவைத்த வெட்டருவாளும் இருக்கும். கோயில் திருவிழாவான கொடை நாளில் இந்த ஆயுதங்கள் வில்லுப்பாட்டின் வேகத்துக்கும் மேளத்தின் அடிக்கும் எழுந்து ஆடுகின்றன. சல்லடமும் கச்சையும் கட்டி, தலையில் குல்லாய் வைத்த சாமியாடி வல்லயத்தைப் பிடித்து இறங்கும்போது, பாளையக்காரர் காலத்துப் போர்வீரனின் உருவம் மின்விளக்கு வெளிச்சத்தில் நிற்கிறது. இக்கட்டுரைக்காக நான் பார்த்தவை இந்தப் பீடங்களும், இவற்றுக்கு இரும்பு அடித்துக் கொடுக்கும் கொல்லுலைகளும்தான். அவற்றைப் பார்த்து நான் வந்து சேர்ந்த முடிவு இது: பழைய போர்க்கலையை மீண்டும் நடத்திப் பார்க்க விரும்பும் தமிழர், சினிமாவின் அட்டைக் கவசத்திடமோ வெளிநாட்டு மாதிரிகளிடமோ போகவேண்டியதில்லை. கொல்லாத ஆயுதத்தைச் செய்யும் அறிவும் அதைக் கையாளும் ஒழுங்கும் இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. முதலில் அதை அறிவு என்று மதிக்க வேண்டும்.

கொல்லாத ஆயுதம் என்பது கொல்லும் ஆயுதத்தைவிட எளிதாகச் செய்யக்கூடியது என்று தோன்றும். மேல்நாடுகளில் இடைக்காலப் போரை மீண்டும் நடத்திக் காட்டுவோர் இதை அனுபவத்தில் பொய்யென்று கண்டுகொண்டார்கள். கூர் இல்லாத வாள் என்று வெறும் பட்டை இரும்பை வளைத்துக் கொடுத்தால், பத்தாவது மோதலில் விளிம்பு பிசிறு பிசிறாகக் கிளம்பி, கூர்வாளைவிட மோசமாகச் சதையைக் கிழிக்கும். அதிகம் பதம் ஏற்றினால் நடுவில் ஒடிந்து, துண்டு பார்வையாளர் மேல் பறக்கும். விளிம்பை 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் உருட்டி விட்டால் வாள் கனத்துப்போகும். அந்தக் கனத்தை நடுப்பகுதியில் குடைந்து குறைக்கத் தெரிய வேண்டும். அசல் இடைக்கால ஒற்றைக்கை வாள் பெரும்பாலும் ஒன்றேகால் கிலோவுக்கு மேல் போகாது. கூரையும் எடுத்துவிட்டு அந்த எடையையும் அந்தச் சமநிலையையும் தக்கவைப்பவன் நல்ல கொல்லன். 1966-இல் கலிபோர்னியாவின் பெர்க்கிலியில் தொடங்கிய 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்' என்ற மறுநிகழ்வுச் சங்கம் இந்தச் சிக்கலைத் தன் கவசப் போரில் இரும்பாலேயே தீர்க்கவில்லை. இரும்பை விட்டுவிட்டு ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையாத பருமனுள்ள பிரம்பைக் கையில் எடுத்தது. மூங்கில் உள்ளே பொள்ளல். உடைந்தால் சிம்பாகப் பிளந்து கண்ணைக் குத்தும். பிரம்பு உள்ளே கெட்டி. அடிபட்டால் நார் நாராகப் பிய்ந்து தன் சாவைத் தானே முன்கூட்டிச் சொல்லிவிடும். சிலம்ப வாத்தியார் எவரும் இந்த வேறுபாட்டைப் புதிதாகக் கேட்கமாட்டார். அந்தச் சங்கத்தார் போட்டுக்கொள்ளும் வளையக் கவசங்களிலும் இந்திய விரல்களின் உழைப்பு நிறையவே இருக்கிறது. பத்துக் கிலோ எடையுள்ள ஒரு வளையச் சட்டைக்கு ஆயிரக்கணக்கான வளையங்களை ஒவ்வொன்றாகக் கோத்து ஆணியடிக்கும் வேலை வட இந்தியப் பட்டறைகளில் நடக்கிறது. டேராடூனின் விண்ட்லாஸ் ஸ்டீல்கிராஃப்ட்ஸ் 1943-இல் கூர்க்காப் படைக்குக் குக்ரி செய்யத் தொடங்கி, இன்று பல நாட்டு அணிவகுப்பு வாள்களையும் சினிமா வாள்களின் நகல்களையும் செய்கிறது. ஆக, இந்தத் தொழில் நம் நாட்டுக்குப் புதிதல்ல. அடுத்தவர் வரலாற்றுக்கு ஆயுதம் அடிக்கத் தெரிந்திருக்கிறோம்.

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வட்டாரத்தில் ஆசாரி பட்டறைக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது லாரிப் பட்டை. கழித்துப் போட்ட லாரியின் அடியிலிருந்து எடுத்த ஸ்பிரிங் பட்டைகள் சுவரோரம் அடுக்கிக் கிடக்கும். நல்ல அருவாள் பெரும்பாலும் அதில்தான் பிறக்கிறது. கவனிக்க வேண்டிய விஷயம், மேல்நாட்டு மறுநிகழ்வுக்காரர்கள் தேடிப் பிடிக்கும் எஃகும் இதே இனம்தான்: வளைந்தாலும் நிமிரும், மோதினாலும் ஒடியாத ஸ்பிரிங் எஃகு. பட்டையை வெட்டி, வேலிக்கருவைக் கரியில் சிவக்க வைத்து, குறட்டில் பிடித்துப் பட்டடையில் போட்டுச் சம்மட்டியால் அடிக்கும் வேலை பார்க்கக் கவர்ச்சியானது. ஆனால் உயிரான இடம் அதற்குப் பிறகு, சத்தமில்லாமல் வருகிறது. பழுக்கக் காய்ச்சிய அலகைத் தோய்த்து எடுத்ததும் அது கண்ணாடிபோல் கெட்டியாகவும் கண்ணாடிபோல் நொறுங்கக்கூடியதாகவும் இருக்கும். அதை ஒரு பக்கம் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபடி இளஞ்சூட்டில் காட்டும்போது, பளபளத்த இடத்தில் நிறம் நகரத் தொடங்கும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு கத்தரிப்பூ நிறம், பிறகு நீலம். வாய்ப்பக்கம் வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்தினால் கூர் நிற்கும். கதிர் அரிவாளுக்கு அது சரி. கட்டை பிளக்கும் அருவாளுக்கு இன்னும் கொஞ்சம் நிறம் ஓடவிட வேண்டும். நீலத்தையும் தாண்டிச் சாம்பல் நிறம்வரை விட்டால் கூர் நிற்காது. ஆனால் எவ்வளவு மோதினாலும் அலகு ஒடியாது. அறுப்பதற்கும் ஆடுவதற்கும் உள்ள தூரம், வெப்பமானி இல்லாத பட்டறையில், ஒரு மனிதன் தன் கண்ணால் பிடிக்கும் இந்த நிறங்களுக்கு இடையிலுள்ள தூரம்தான். கல்லூரியில் உலோகவியல் படித்தவர்கள் இதை அட்டவணையாக எழுதுவார்கள். ஆசாரி, பட்டறைக்குள் வேண்டுமென்றே வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு நிறத்தைப் படிக்கிறார்.

வல்லயத்தைக் கிட்டத்தில் பார்த்தால் அது பயன்பாட்டை நினைத்தே செய்த பொருள் என்பது விளங்கும். இலை வடிவத் தலை, அதன் கழுத்தில் பூண், பூணுக்குக் கீழே கட்டிய மணிகள், ஆள் உயரத்தைத் தாண்டிய காம்பு. ஆடுகிறவர் கண்ணை மூடிக்கொண்டாலும் சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு ஆயுதம் எங்கே வருகிறது என்பதை மணி சொல்லிவிடுகிறது. அருள் இறங்கிய ஆட்டத்தில், நெருக்கியடித்து நிற்கும் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் நடுவில், அந்தச் சத்தம் ஓர் எச்சரிக்கை. நுனியில் குத்திய எலுமிச்சம்பழம் காவலுக்கு, திருஷ்டிக்கு என்று சொல்வார்கள். அந்தப் பொருளை நான் மறுக்கவில்லை. ஆனால் வாள்வீச்சு விளையாட்டில் மெல்லிய வாளின் நுனியில் குமிழ் வைப்பது எதற்கோ, அந்த வேலையையும் இந்தப் பழம் செய்கிறது. உடையும் அப்படியே. சல்லடம் என்பது தொடையளவில் நிற்கும் காற்சட்டை; கச்சை என்பது இடுப்பை இறுக்கும் பட்டி. ஓடவும் குதிக்கவும் காலைத் தடுக்காத, வயிற்றையும் இடுப்பையும் பிடித்து நிறுத்தும் இந்த அமைப்பு, வெயில் நாட்டுக் காலாட்படை வீரனுக்கு ஏற்றது. இன்று அது வெல்வெட்டும் ஜரிகையுமாகிவிட்டது, வெட்டு மாறவில்லை. நம் நடுகற்களிலும் வீரர் பெரும்பாலும் வெற்றுடம்போடு வில்லும் வாளும் கேடயமுமாகவே நிற்கிறார்கள். புறநானூறு புலித்தோல் கவசத்தைப் பேசுகிறது. தகட்டுக் கவசத்தை அல்ல. சித்திரை வெயிலில் தகட்டு இரும்புக்குள் ஒரு மனிதனை அடைத்துத் தமிழ் வீரன் என்று திரையில் காட்டுவோர், பக்கத்து ஊர்க் கொடைக்கு ஒருமுறை போயிருக்கலாம்.

ஆயுதம் ஏன் வயலிலும் பீடத்திலும் மட்டும் மிஞ்சியது? பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவர் தம்பி ஊமைத்துரை மீட்டுக் கட்டிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை 1801 மே மாதம் வீழ்ந்தது. அந்த ஆண்டு டிசம்பரில், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவின் பிரகடனம் தென்பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவிட்டது. அந்தப் போரில் எதிர்ப்பக்கம் நின்ற ஆங்கிலேயப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1830-இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில், ஈட்டி எறியவும், வளைந்த எறிகருவியான வளரியை வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சிவகங்கையின் சின்ன மருது என்று எழுதினார். கற்றுக்கொடுத்தவர் 1801-லேயே தூக்கிலிடப்பட்டுவிட்டார். கற்றவர் பிழைத்திருந்து எழுதியதால்தான் வளரியைப் பற்றி இவ்வளவாவது நமக்குத் தெரிகிறது. தஞ்சை அரண்மனையின் ஆயுதசாலை 1860-களில் கலைக்கப்பட்டபோது ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனது. மற்றவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. 1878-இல் ஆயுதச் சட்டம் வந்தது. இத்தனைக்கும் நடுவில் கொல்லன் என்ன செய்திருக்க முடியும்? சர்க்கார் தடுக்க முடியாத இரண்டு வாடிக்கையாளர்கள் அவனுக்கு இருந்தார்கள். ஒருவர் சம்சாரி, இன்னொருவர் சாமி. ஆயுத அறிவு இந்த இரண்டு இடங்களுக்குள் ஒதுங்கிப் பிழைத்தது என்பது என் கணிப்பு.

இதற்கு முதல் மறுப்பு வரலாற்று ஆய்வாளரிடமிருந்து வரும்: கொடை வல்லயத்துக்கும் போர்க்கள வல்லயத்துக்கும் நேரடித் தொடர்ச்சி இருக்கிறது என்று எப்படிச் சொல்வது, பிந்தைய காலம் கற்பித்த வடிவமாக அது இருக்கலாமே? நியாயமான கேள்வி. இந்தப் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த இரும்பு வாள்களையும் ஈட்டிமுனைகளையும் காட்டி, அன்று முதல் இன்று வரை ஒரே கோடு என்று பேசுவது எனக்கும் உடன்பாடில்லை. நடுவில் நூற்றாண்டுகள் பல வெறுமையாகக் கிடக்கின்றன. வடிவம் தொடர்ந்தது என்பதல்ல என் வாதம். செய்பவரும் கையாள்பவரும் ஒரே வட்டாரத்தில், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, குறை சொல்லித் திருத்தி வாங்கும் உறவு தொடர்கிறது என்பதுதான். 'பிடி கனக்குது ஆசாரி, முன்னாடி இழுக்குது' என்று வாங்குகிறவர் சொல்ல, ஆசாரி தலையைத் தேய்த்துக் குறைத்துக் கொடுக்கும் அந்தப் பேச்சு எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. 1974-இல் பாஞ்சாலங்குறிச்சியில் அரசு நினைவுக்கோட்டை எழுப்பியது. சுவரைத் திரும்பக் கட்டிவிட முடிந்தது. இந்தப் பேச்சு அறுந்தால் திரும்பக் கட்ட எந்தப் பொதுப்பணித் துறையாலும் ஆகாது.

இரண்டாவது மறுப்பு பக்தரிடமிருந்து: சாமி ஆயுதத்தை விளையாட்டுச் சாமானோடு ஒப்பிடலாமா? ஒப்பிடக் கூடாது என்பதை ஏற்கிறேன். பீடத்து வல்லயத்தை எடுத்து மேடையில் ஆட்டச் சொல்லவில்லை. ஆனால் பண்டைய கோலத்தை இன்றைய மனிதன் தரிப்பது இந்த மண்ணில் பக்தியோடு முரண்பட்டதில்லை. கல்லிடைக்குறிச்சிக்கு அருகிலுள்ள சிங்கம்பட்டியின் ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி, 2020 மே மாதம் காலமாகும்வரை, ஆடி அமாவாசையன்று காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலில் ராஜ உடை தரித்து மக்களுக்குக் காட்சி கொடுத்து வந்தார். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இலேயே வந்துவிட்டது. அதிகாரம் போன பிறகும் அந்தக் கோலத்தைப் பார்க்க மலையேறிப் போன கூட்டத்துக்கு, அது வேஷமா நிஜமா என்ற கேள்வியே எழவில்லை.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. தென்மாவட்டத்தில் அருவாள் என்பது சாதி மோதலின் ரத்தம் தோய்ந்த சொல். அதைச் செய்யும் தொழிலைக் கொண்டாடுவது அந்த ரத்தத்தைக் கொண்டாடுவதாகாதா? திருமண ஊர்வலத்திலும் குருபூஜைப் பதாகையிலும் அருவாளைத் தூக்கிக் காட்டும் வீரத்தை நான் அடியோடு வெறுக்கிறேன். அதற்கும் இந்தக் கட்டுரைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆயினும் குற்றத்தின் சுமையைப் பட்டறையின் தலையில் இறக்குவது சரியல்ல. 2021 செப்டம்பரில் மாநிலம் முழுக்கப் போலீஸ் நடவடிக்கை நடந்தபோது, அருவாள் செய்வோரும் விற்போரும் வாங்குகிறவர் பெயர், முகவரி, கைப்பேசி எண்ணைக் குறித்துவைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதில் தவறில்லை, பதிவேடு நேர்மையான கொல்லனுக்குப் பாதுகாப்பும்கூட. ஆனால் சட்டமே ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்த பொருள்களையும், விளையாட்டுப் பொருளாகவன்றி வேறெதற்கும் உதவாதவற்றையும், ஆயுதம் என்ற வரையறைக்கு வெளியே நிறுத்துகிறது. தடிக்கம்பையே பெயர் சொல்லி விலக்குகிறது. விளிம்பு உருட்டி, நீலம் தாண்டிப் பதம் பார்த்த மழுங்கல் வாளை, கூர்வைத்த வெட்டருவாளிலிருந்து பிரித்துப் பார்க்க ஒரு தெளிவான விதிமுறை எழுதப்பட்டால், ஆசாரிக்கு வெட்டுக்கருவி அல்லாத ஒரு சந்தை திறக்கும். கொல்லாத ஆயுதத்துக்குக் கேட்பு உண்டாவது கொல்லும் ஆயுதத்துக்கு எதிரான காரியம். போட்டிச் சிலம்பத்தில் வெற்றி என்பது தொட்டுவிடுவது, உடைப்பது அல்ல. அந்தக் கட்டுப்பாட்டில் வளர்ந்த பையனுக்குக் கையை நிறுத்தத் தெரியும்.

சிலம்பத்தை அரசு கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு இடஒதுக்கீட்டில் அது சேர்க்கப்பட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் காட்சி விளையாட்டாக ஆடப்பட்டது. எல்லாம் ஆடுகிறவருக்கு. கம்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர் குறைவு. ஆளின் புருவ உயரத்துக்கு அளந்து வெட்டி, தண்ணீரில் ஊறப்போட்டு, நீர்ப்பரப்பில் அறைந்து அறைந்து உரமேற்றிய கம்பு ஒரு செய்பொருள். கல்லிடைக்குறிச்சிக்கு மேற்கே தெரியும் மலையில் பிரம்பு வளர்கிறது. அது களக்காடு முண்டந்துறைக் காடு, 1988 முதல் புலிகள் காப்பகம். அங்கே கை வைக்கக் கூடாது, வைக்கவும் வேண்டாம். ஆற்றங்கரைப் பட்டா நிலத்தில் பிரம்பு போடுவதற்கு வனத்துறையும் விளையாட்டு ஆணையமும் சேர்ந்து ஒரு நாற்றங்கால் வைத்தால் போதும். கம்புக்கும் பிழைப்புக்கும் அது வழி.

ஆசாரிக்கு அந்த வழியும் இல்லை. நெல் அறுவடை இயந்திரம் வந்த பிறகு கதிர் அரிவாள் வாங்க ஆள் வருவதில்லை. மண்வெட்டியும் கடப்பாரையும் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. கொடைக்கு வல்லயம் கேட்டு வருகிறவர் வருஷத்தில் சில பேர். அதுவும் நேர்ச்சை இருந்தால். ஒரு வல்லயம் சரியாகச் செய்துவிட்டால் ஒரு தலைமுறைக்குக் கெடாது. காம்பைக் கரையான் அரித்தால் தச்சாசாரி புதுக் காம்பு போட்டுவிடுவார். இரும்புத் தலையை எண்ணெய் தடவி அப்படியே மாட்டிக்கொள்ளலாம். உலையில் கரி போட்டு அடுத்த தலையை அடிக்க வேண்டிய நாள் வரும்போது, வைக்கோல் நிறத்துக்கும் நீலத்துக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்று தெரிந்த கண் அந்தப் பட்டறையில் இருக்க வேண்டும். பல உலைகளில் துருத்தி போய் மின்விசிறி வந்துவிட்டது. பக்கத்தில் நின்று நிறம் பார்க்கப் பழகும் பையன்தான் வரவில்லை.