எஜமானி நுழையாத கடை

மதுக்கடையைப் பற்றிக் குடும்பப் பத்திரிகையில் என்ன எழுத்து வேண்டிக் கிடக்கிறது என்று சகோதரிகள் முகத்தைச் சுளித்துக் கொள்ள வேண்டாம். நியூயார்க் நகரில் கிழக்கு ஏழாவது தெரு, 15-ஆம் நம்பர் கட்டடத்தில் இருக்கும் மெக்ஸார்லி கடையின் கதையில், மதுவைவிடப் பெண்களின் சமாசாரம்தான் அதிகம்.

உள்ளே போனால் தரையெல்லாம் மரத்தூள். சுவரில் ஓர் அங்குலம் பாக்கியில்லாமல் பழைய படங்கள், பத்திரிகைத் துண்டுகள். 'ஏல்' என்ற பானம் மட்டும்தான் கிடைக்கும். அதிலும் வெளுப்பு, கறுப்பு என்று இரண்டே ரகம். ஒன்று கேட்டால் இரண்டு சின்னக் கோப்பைகளாகக் கொண்டு வந்து வைப்பார்கள். அது அந்த வீட்டு வழக்கம்.

ஸ்தாபகர் ஜான் மெக்ஸார்லி அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர். 1854-ல் கடை வைத்தார் என்று கடைக்காரர்கள் அடித்துச் சொல்கிறார்கள். 1861 வரை அந்த மனை காலியாகக் கிடந்தது என்று நகரசபைத் தஸ்தாவேஜுகள் சொல்கின்றன. வியாபாரத்தில் ஏழெட்டு வயது கூட்டிச் சொல்வது பெரிய குற்றமா என்ன! கிழவருக்குப் பச்சை வெங்காயம் என்றால் உயிர். பெண்கள் இருக்கும் இடத்தில் நிம்மதியாகக் குடிக்க முடியாது என்பது அவருடைய சித்தாந்தம். தப்பித் தவறி ஒரு பெண் நுழைந்துவிட்டால், தலை குனிந்து வணங்கி, மரியாதையாக வாசலுக்கு வழி காட்டிவிடுவாராம். வேர்க்கடலை விற்க வரும் ஒரு கிழவிக்கு மட்டும் அங்கே விதிவிலக்கு உண்டு.

1910-ல் ஜான் இறந்ததும் மகன் பில் பொறுப்பேற்றார். அப்பா வைத்துவிட்டுப் போனதில் ஓர் ஆணியைக்கூட இடம் மாற்றக் கூடாது என்பது அவர் விரதம். மனிதர்களைவிடப் பூனைகளிடத்தில் அவருக்குப் பிரியம் ஜாஸ்தி. 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு இருந்தபோதும், அந்தக் கடையில் ஏல் ஓடிக் கொண்டுதான் இருந்தது!

விளக்கு மாட்டும் கம்பியில் கோழி, வான்கோழியின் நெஞ்செலும்புகள் தொங்கும். முதல் உலக யுத்தத்துக்குப் புறப்பட்ட பையன்கள் மாட்டிவிட்டுப் போனவை என்றும், திரும்பி வந்தவர்கள் தங்களுடையதை எடுத்துக் கொண்டார்கள் என்றும் சொல்லுகிறார்கள். அப்படியானால் மீந்தவை யாருடையவை? 2011-ல் சுகாதார அதிகாரிகளின் நெருக்குதலால் தூசி தட்டும் வரையில், அவற்றின்மேல் விரல் கனத்துக்குத் தூசி படிந்திருந்தது.

1936-ல் பில் கடையை டேனியல் ஓகானல் என்ற போலீஸ்காரருக்கு விற்றார். அவரும் 1939-ல் போய்ச் சேர்ந்தார். அவருக்குப் பிறகு கடைக்குச் சொந்தக்காரி யார் தெரியுமோ? அவர் மகள் டாரதி! பெண்களைச் சேர்ப்பதில்லை என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள் அவள். நிர்வாகத்தைக் கணவர் ஹாரி கெர்வனிடம் ஒப்படைத்துவிட்டு, கடை திறந்திருக்கும் நேரத்தில் அந்த வாசற்படியை மிதிக்காமலே முப்பது வருஷம் இருந்துவிட்டாள். பெட்டிச்சாவி அவளுடையது, உள்ளே போகும் உரிமை மட்டும் ஊராருடையது. இதைப் பிதிர்வாக்கிய பரிபாலனம் என்று மெச்சுவதா, அசட்டுத்தனம் என்று சிரிப்பதா? எனக்கு இரண்டும் சேர்ந்தே வருகிறது.

1969 ஜனவரியில் ஃபெய்த் சைடன்பெர்க் என்ற பெண் வக்கீலும், கேரன் டிக்ரோ என்ற அவர் சிநேகிதியும் உள்ளே நுழைந்தார்கள். அவர்களுக்குப் பரிமாற மறுத்தார்கள். விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1970-ல் தீர்ப்பு பெண்கள் பக்கம். அதே ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் தேதி, பொது இடங்களில் ஆண் பெண் பேதம் பார்க்கக் கூடாது என்ற நகரச் சட்டத்தில் மேயர் லிண்ட்ஸே கையெழுத்திட்டார். அன்றைக்கே உள்ளே போன பத்திரிகையாளர் லூசி கொமிசாரின் தலையில் ஒரு வீரர் கோப்பை ஏலைக் கொட்டித் தம் பராக்கிரமத்தைக் காட்டினார்.

முதல் கோப்பை எஜமானிக்கே என்று டாரதியை அழைத்தார்கள். "அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு" என்று மறுத்துவிட்டாள். பக்கத்தில் தோல் சாமான் கடை வைத்திருந்த பார்பரா ஷாம் என்ற பெண்மணிக்கு அந்தப் பெருமை போயிற்று. டாரதி 1974-ல் காலமானாள்.

சட்டம் வந்தும் சௌகரியம் உடனே வரவில்லை. ஆண்களுக்கென்று இருந்த ஒரே கழிப்பறையைத்தான் பெண்களும் உபயோகிக்க வேண்டியிருந்தது. தனியறை கட்ட 1986 ஆயிற்று, பதினாறு வருஷம்!

அதற்குள் கடை கை மாறியிருந்தது. அயர்லாந்திலிருந்து 1964-ல் வந்து இதே கடையில் வேலைக்குச் சேர்ந்த மாத்யூ மஹர், 1977-ல் அதை விலைக்கு வாங்கினார். 2011-ல் அந்த எலும்புகளின் தூசியை வேறு யாரையும் தொடவிடாமல் தம் கையாலேயே துடைத்தவர் அவர்தான். 2020-ல் அவர் காலமானார். அவருடைய மகள் தெரேஸா 1994-லேயே கடைக்குள் வந்து, பலகைக்குப் பின்னால் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் கோப்பை நிரப்பிக் கொடுத்தார். ஜான் மெக்ஸார்லி கடை வைத்த நாளிலிருந்து அந்த இடத்தில் நின்ற முதல் பெண் அவர்.