ஏழாம் எண் வீடு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் தங்கை மகன் போடிக்கு வந்திருந்தான். கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் ஆராய்ச்சிப் படிப்பு. தன் கல்லூரி விடுதி வைஃபையில் போகிற வருகிறதை எல்லாம் இரண்டு மாதம் பதிவு செய்யப் போகிறானாம். எப்போது நெரிசல், எதனால் என்று கண்டுபிடிக்க. "யார் என்ன பேசுறாங்கன்னு பார்க்கவே மாட்டேன் மாமா. எந்த போன்ல இருந்து எந்த சைட்டுக்கு, எத்தனை மணிக்கு, அவ்வளவுதான். லெட்டரைப் பிரிக்காம கவரை மட்டும் பார்க்கிற மாதிரி. பேர்கூட இருக்காது, நம்பர்தான்" என்றான்.

கவர் என்றதும் எனக்குச் சுருக்கென்றது.

1983இல் நான் எம்.எட். ஆய்வுக்காக, தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் பாதியில் பள்ளியை விடுகிறார்கள் என்று தகவல் சேகரித்தேன். சனிக்கிழமைதோறும் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்ட லயத்துக்குப் போவேன். காய் எடுக்கும் பெண்களுக்குக் கடிதமும் மணியார்டர் பாரமும் எழுதிக் கொடுப்பேன். எந்த வீட்டிலிருந்து எந்த ஊருக்கு, யாருக்கு, எவ்வளவு என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். அனுப்புகிறவர் பெயர் எழுத மாட்டேன், லயத்து வீட்டு எண் மட்டும். அது பெரிய நேர்மை என்று நினைப்பு.

ஒருநாள் டீக்கடையில் நோட்டை மறந்துவிட்டேன். கங்காணி எடுத்துப் புரட்டியிருக்கிறார். ஏழாம் எண் வீட்டிலிருந்து மாதாமாதம் மதுரைக்கு இருபது ரூபாய். ஏழாம் எண்ணில் யார் என்று லயத்துக்கே தெரியுமே! முதல் கல்யாணத்துப் பிள்ளையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தவர் அந்தப் பெண். இங்கே கணவருக்குத் தெரியாது. இரண்டு வாரத்தில் வீடு பூட்டிக் கிடந்தது. அந்தப் பெண் எங்கே போனார் என்று யாரும் சொல்லவில்லை. ஆய்வேட்டுக்கு எனக்கு முதல் வகுப்பு கிடைத்தது.

கடிதம் எழுதத்தான் கேட்டார்கள். நோட்டில் எழுதட்டுமா என்று நான் கேட்கவே இல்லை.

சட்டத்தையும் மருமகனும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். பொறுப்பாளர் அனுமதியில்லாமல் ஒரு நெட்வொர்க்கிலிருந்து தகவல் எடுத்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஆம் பிரிவின்படி இழப்பீடு கட்ட வேண்டும். கல்லூரி அனுமதிக் கடிதம் அவனிடம் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஆராய்ச்சிக்கு விலக்கு தருகிறது, தனி ஆளைப் பற்றி முடிவெடுக்க அதைப் பயன்படுத்தாதவரை. ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்களே, அந்த உரிமை விடுதிப் பிள்ளைகளுடையது. அவர்கள் சார்பில் கல்லூரி எப்படிக் கையெழுத்துப் போடும்?

நம்பர்தானே என்றவனுக்கு அமெரிக்காவின் ஏஓஎல் கதையைச் சொன்னேன். 2006இல் ஆய்வாளர்களுக்கு உதவுவதாக நினைத்து, சுமார் ஆறரை லட்சம் பேரின் இணையத் தேடல்களைப் பெயருக்குப் பதில் எண் போட்டு வெளியிட்டார்கள். 4417749 என்ற எண்ணுக்குரிய பெண்மணியை நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் சில நாளிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள், அவர் தேடியவற்றை வைத்தே. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு விடுதிப் பையன் மனநல மருத்துவமனை சைட்டைத் திறந்தால், அறை நண்பனுக்கு எண்ணே போதும்.

பையன் அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினான். நேற்று போன் செய்தான். விடுதியில் விவரம் சொல்லி, சம்மதித்தவர்களிடம் மட்டும் கையெழுத்து வாங்குகிறானாம். எந்த சைட் என்பதைச் சேமிக்காமல், மணிக்கு மொத்தம் எவ்வளவு என்று மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறானாம். "அறுபது பேர்ல நாப்பத்தொரு பேர்தான் மாமா. கைடு திட்டுறார், இது பத்தாதுன்னு."

உங்களில் நெட்வொர்க் வேலையில் இருக்கிறவர்கள் யாராவது, இவ்வளவு குறைந்த தகவலை வைத்து நெரிசலை எப்படிக் கணக்கிடலாம் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுங்களேன். எனக்கு போன் செய்தால் அவனிடம் பேசச் சொல்கிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.